பூங்காவின் பின்வாசல்

பூங்காவின் பின்வாசலைத் திறந்த அன்று, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, முதல் ஆளாக உள்ளே போன டெய்லரக்கா பாதி வழியில் மாட்டிக்கொண்டாள். முன்னால் ஒரு கம்பி, பின்னால் ஒரு கம்பி. வளைந்து திரும்ப வேண்டிய இடத்தில் இடுப்பு திரும்ப மறுத்துவிட்டது. கூட்டத்தில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வாசலைச் செய்த வெல்டரோ தலையைக் குனிந்து தன் செருப்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவர் வேறு யாருமில்லை, அவளுடைய வீட்டுக்காரர்தான்.

அந்த வாசலுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பூங்கா என்னவோ அவர்கள் தெருவை ஒட்டித்தான் இருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கத்து மரங்கள் இந்தப் பக்கத்து வீடுகளில் சருகு கொட்டும். பெருக்குவது இவர்கள், நிழலில் நடப்பது வேறு யாரோ. ஒரே வாசல், அதுவும் கார் நிறுத்தத் தோதாகப் பெரிய சாலையைப் பார்த்து. சுற்றிக்கொண்டு அங்கே போக நடைபாதை கிடையாது, லாரிகள் உரசிக்கொண்டு போகும். அதனால் தெருவில் வண்டி வைத்திருந்தவர்கள் நடப்பதற்காக ஸ்கூட்டரில் போனார்கள். இந்தக் கூத்தை யாரிடம் சொல்லி அழுவது?

டெய்லரக்காவிடம் ஸ்கூட்டர் இல்லை. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த உடம்பு; சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லிவிட்டார். ஒருநாள் துணிந்து சாலையோரமாகப் போனவளின் தோள்பையை ஒரு பஸ் தட்டிவிட்டுப் போனது. அன்றோடு சரி. பிறகு துணி வெட்டும் மேசையைச் செக்குமாடு மாதிரிச் சுற்றிச் சுற்றி வந்தாள். தலை சுற்றியதுதான் மிச்சம். சில நாள் மெஷினை மிதிக்கும்போது பெடலே காலுக்குத் தெரியவில்லை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் துணி தைக்க வந்த பெண்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு பூங்கா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். அந்த நடைக்கே சர்க்கரை பாதி இறங்கியிருக்க வேண்டும். அதிகாரி மதிலில் வழிவிடச் சம்மதித்தார், ஒரே நிபந்தனையோடு: பைக் உள்ளே வரக் கூடாது. வேலை வெல்டருக்கே வந்தது. மனைவி போராடி வாங்கிய வாசலாயிற்றே என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். பைக் நுழைய முடியாதபடி வளைந்து வளைந்து போகும் கம்பி வழி. ஆள் போகலாமா என்று தானே நுழைந்து பார்த்தார். அவரைத் தெருவே ஈர்க்குச்சி என்றுதான் கூப்பிடும். தாராளமாகப் போய்வந்தார். திறக்கிற அன்று மனைவியை அசத்த வேண்டும் என்று, அதுவரை யார் கண்ணிலும் படாமல் சாக்கைப் போட்டு மூடியும் வைத்தார்.

இப்போது மாட்டிக்கொண்டு நின்றவளுக்குக் கண் கலங்கியது. தைக்கிற வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் வரிசையில் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்த பெண், சக்கர நாற்காலியில் பழைய தபால்காரர், அவளைவிடப் பருத்த மளிகைக்கடைக்காரர். இவர்களில் ஒருவராலும் இதற்குள் போக முடியாது. அளவெடுத்துப் பழகிய கண் சொல்லிவிட்டது. அழுகை போய்க் கோபம் வந்தது.

அதிகாரி அவளைப் பின்வாங்கி வெளியே வரச் சொன்னார். ஒல்லியானவர்கள் முதலில் போகட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார்.

"பைக்கத்தான சார் நிறுத்தச் சொன்னீங்க? நான் என்ன பைக்கா?"

கூட்டம் சிரித்தது. இந்தத் தடவை சிரிப்பு அவள் பக்கம் இருந்தது. அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"என்னங்க, இந்தத் தெருவுல எல்லாரோட அளவும் என்கிட்ட இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? போய் கட்டிங் மெஷின எடுத்துட்டு வாங்க. அறுக்கற வரைக்கும் நான் நகர மாட்டேன்."

வெல்டர் அதிகாரியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். யார் பேச்சைக் கேட்டால் வீட்டில் நிம்மதி என்று அவருக்கா தெரியாது? ஒரே ஓட்டமாக ஓடினார்.

பைக் வந்தால் யார் பொறுப்பு என்று அதிகாரி கேட்டார்.

"வரட்டும் சார். நாங்க எல்லாரும் உள்ளதான இருப்போம்."

அதிகாரி ஒதுங்கி வழிவிட்டார். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகக் கரண்ட் வந்தது. நனைத்த சாக்கை மனைவிமேல் போர்த்திவிட்டு வெல்டர் அறுக்க ஆரம்பித்தார். பொறி பறந்தது. தான் இழைத்து இழைத்து வைத்த கம்பியைத் தானே அறுப்பதில் அவருக்கு வருத்தமே இருந்ததாகத் தெரியவில்லை. கம்பி கீழே விழுந்ததும் தெரு முழுக்கக் கைதட்டியது.

டெய்லரக்கா சாக்கை உதறிப் போட்டுவிட்டு உள்ளே போனாள். மரங்களுக்கடியில் அகலமான மண்பாதை, ஒரு வண்டிச் சத்தம் இல்லை. பின்னால் தபால்காரரின் நாற்காலி உருண்டு வந்தது, குழந்தை வந்தது, மளிகைக்கடைக்காரர் மூச்சுவாங்கிக்கொண்டு வந்தார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேகமாக நடந்தாள். நடை போதவில்லை. பள்ளிக்கூடத்தோடு விட்டுப்போன ஓட்டத்தை ஓடத் தொடங்கினாள். கொஞ்சம் நில்லும்மா, நானும் வர்றேன் என்று வெல்டர் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். அவள் நிற்கவில்லை. பாதை வளைகிற இடத்தில் அவளும் வளைந்து திரும்பினாள், கழுத்திலிருந்து எடுக்க மறந்த அளவு நாடா காற்றில் பறந்துகொண்டிருந்தது.