ஜன்னலுக்குக் கீழே, இடது பக்கம்

எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு அறை கட்டினாரு. விளையாட்டுக்குச் சொல்லல. மத்தவங்க திரையைத் திறந்தா ஒரு படமும் அது மேல குட்டிக் குட்டிச் சின்னங்களும் வரும். இவரோட திரையில மரத்தரை போட்ட ஒரு அறை வரும். மேசை, அலமாரி, ஜன்னல் எல்லாம் இருக்கும். மவுஸைத் தள்ளினா உள்ள நடக்கலாம், திரும்பலாம், அண்ணாந்து பாக்கலாம். அவரோட கோப்புகள் எல்லாம் வீட்டுச் சாமான் மாதிரி அங்கங்க கிடக்கும்.

"நிஜ மேசையைத் துடைங்கன்னு மூணு தடவை கத்தணும். இதுல உள்ள இன்னொரு மேசையா?"ன்னு கேட்டேன்.

"அதுல தூசி படியாது"ன்னாரு.

கட்டட வரைபட ஆபீஸ்ல அவருக்கு வேலை. பகல் முழுக்க அடுத்தவங்க வீட்டுக்குப் படிக்கட்டு வரைஞ்சுட்டு, சாயங்காலம் வந்து தனக்குன்னு ஒரு அறை. அதையாவது ஒழுங்கா வெச்சிருந்தாரான்னா, அதுவும் கிடையாது. கட்டாமலே நின்னுபோன கட்டடங்களோட வரைபடத்தை எல்லாம் கூரையில ஒட்டி வெச்சிருந்தாரு. கேட்டா, "அதுங்கதான் தரைக்கு வரவே இல்லையே"ன்னு ஒரு பதில். ஓயாம சண்டை பிடிச்ச ஒரு வாடிக்கையாளரோட வரைபடம் தலைகீழா தொங்கும். மூலையில ஒரு குவியல். ஜன்னலுக்குக் கீழே, இடது பக்கம், தரையோட ஒட்டி என் போட்டோ. கையில துடைப்பம், வாய் பிளந்திருக்கு, யாரையோ திட்டிட்டு இருக்கேன்.

"கட்டினவளுக்கு வேற நல்ல படமே கிடைக்கலையா?"

"இதுலதான் சத்தம் கேக்குது"ன்னாரு. அந்த மனுஷனோட கொழுப்பைப் பாருங்க.

ஆபீஸ்ல அந்த அறையைக் காட்டினப்ப எல்லாரும் வாயைப் பிளந்து பாத்தாங்களாம். ரெண்டு மூணு பேரு தங்களோட கம்ப்யூட்டர்லயும் போட்டுப் பாத்தாங்க. ஒரு வாரம்கூடத் தாங்கல. மிஷின் ஆமை மாதிரி ஆயிடுச்சு, திரும்பித் திரும்பித் தலை சுத்துதுன்னு பழையபடி கோப்புப் பேர் வரிசைக்கே போயிட்டாங்க. முதலாளி, "பாக்க லட்சணமா இருக்குய்யா. அழகு சோறு போடுமா?"ன்னு சிரிச்சாரு.

அங்க மிஷின் எல்லாம் பழுது பாக்கிறவனுக்கு வயர்னு பட்டப்பேரு. எப்பவும் கழுத்துல ஒரு வயர் மாலை மாதிரி தொங்கும். ரெண்டு பிள்ளைக்கு அப்பன், இவர் மேல உசுரா இருப்பான். அவனே வீட்டுக்கு வந்து கேட்டான், "அண்ணே, பேரை அடிச்சா கோப்பு கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள வந்து நிக்குது. இதுல எதுக்கு அலமாரி வரைக்கும் நடந்து போகணும்?"

"உங்க வீட்டுல உப்பு டப்பாவைப் பேர் சொல்லியா கூப்பிடுறீங்க? கை தானா போகுதுல்ல?"

வயர் சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னா அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடிதான் எங்க நாத்தனார் வந்து, உதவி பண்றேன்னு என் சமையலறை டப்பாவை எல்லாம் உயரவாரியா அடுக்கி வெச்சுட்டுப் போயிருந்தா. பாக்கக் கடை மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. மறுநாள் டீயில உப்பு. நான் போட்ட கூச்சல்ல அவ ஒரு மாசம் போன் பண்ணல. இவரு என்னடான்னா அந்த உப்பு டீயை உறிஞ்சிக்கிட்டே, "இப்பப் புரியுதா என் அறை?"ன்னு கேட்டாரு. புரிஞ்சாலும் நான் ஒத்துக்குவேனா? "வேலையத்த வேலை"ன்னுட்டுப் போயிட்டேன்.

அப்புறம் ஒரு காலையில பல் தேய்க்கப் போனவரு பிரஷ்ஷைக் கையில வெச்சுப் பாத்துட்டே நின்னாரு. "என்னங்க?"ன்னேன். "இது... இது..."ன்னாரு. அவ்வளவுதான்.

மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்புன்னாங்க. கை கால் தப்பிச்சுது, வார்த்தை போயிடுச்சு. நாம சொல்றது புரியும், பதில் சொல்ல வராது. எழுத்தும் போச்சு. பேப்பரைக் காட்டினா எறும்பு ஊர்றதைப் பாக்கற மாதிரி பாப்பாரு. என் பேரும் போச்சு. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளைப் பாத்து "அது... அது..."ன்னு தவிச்சாரு. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

நான் தையல் கடை வெச்சிருக்கேன், சாப்பாட்டுக்குக் குறையில்லை. அவருக்கு வேண்டியிருந்தது அந்த ஆபீஸ் நாற்காலி. தினமும் காலையில சட்டையைப் போட்டு, பித்தானை எல்லாம் சரியா மாட்டி, வாசல்ல வந்து நிப்பாரு. "இன்னைக்கு வேண்டாங்க"ன்னு நான் சொல்லணும். அவர் உள்ள போய்ச் சட்டையைக் கழட்டணும். அதைப் பாக்கறதுக்கு நானே அந்த நோவுல படுத்திருக்கலாம்.

பேச்சுப் பயிற்சிக்காரம்மா படம் போட்ட அட்டையைக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க"ன்னு குழந்தைகிட்டக் கேக்கற மாதிரி கேட்டாங்க. அட்டையைத் தூக்கி வீசிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா இருந்துச்சு, பழைய மனுஷன் இன்னும் இருக்காருன்னு.

வயர் பாக்க வந்தான். கம்ப்யூட்டரைப் போட்டு முதல்ல பேர் வரிசையைக் காட்டினான். இவர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. அவன் என்ன நினைச்சானோ, அந்த அறையைத் திறந்துவிட்டான்.

அவர் கை தானா மவுஸுக்குப் போச்சு. உள்ள நடந்தாரு. மேசையைச் சுத்திக்கிட்டு அலமாரி பக்கம் போய் நின்னாரு. நான் சும்மா கேட்டு வெச்சேன், "என்னங்க, நீங்க வரைஞ்ச அந்த நூலகத்துப் படிக்கட்டு எங்க?"

யோசிக்கவே இல்லை. அலமாரிக்குப் பின்னால போனாரு, கீழே குனிஞ்சாரு, எடுத்துட்டாரு. வளைஞ்சு வளைஞ்சு போற அந்தப் படிக்கட்டு திரை முழுக்க விரிஞ்சு நிக்குது. அம்மாடி! வயர் அழுதுட்டான். கூரையில இருக்கிறதைக் கேட்டேன், அண்ணாந்து எடுத்தாரு. தலைகீழாத் தொங்கினதைக் கேட்டேன், எடுத்துச் சிரிச்சாரு. கடைசியா, நான் கேக்காமலே, ஜன்னலுக்குக் கீழே போய் என் போட்டோவைத் திறந்து, என்னைத் திரும்பிப் பாத்தாரு.

அன்னையிலேர்ந்து அதுதான் என் பேரு. நான் வேணும்னா வலது கையை மெதுவா இடது பக்கம் கொண்டுபோய்க் கீழே இறக்குவாரு. ஜன்னலுக்குக் கீழே, இடது பக்கம். தண்ணி வேணுமா, அந்தக் கை. கோபமா, அதே கை வெடுக்குன்னு. நானும் "இதோ வந்துட்டேன்"ன்னு ஓடுவேன். யாரும் யாரையும் இவ்வளவு அழகாக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க.

முதலாளி நல்ல மனுஷன். வயர் சொன்னதைக் கேட்டுட்டுப் போன் பண்ணினாரு. "திங்கக்கிழமை வரட்டும்மா. நான் கேக்கிற வரைபடத்தை எடுத்துக் குடுத்தாப் போதும். கோட்டைத் திருத்த வாய் எதுக்கு, கை இருக்கே. அன்னைக்கு அழகு சோறு போடுமான்னு கேட்டேன். போடட்டும், நான் தோத்துட்டேன்னு சொல்லிக்கிறேன்."

சனிக்கிழமை வயர் வந்து வீட்டு மிஷினைத் தூக்கிட்டுப் போனான், அறையை ஆபீஸ்ல இருக்கிற புது மிஷினுக்கு மாத்தறதுக்கு. திங்கக்கிழமை அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நின்னாரு. "வாங்க போகலாம்"னேன். அந்த முகத்தை நான் சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆபீஸ்ல எல்லாரும் எழுந்து வந்தாங்க. அவரோட பழைய நாற்காலியே போட்டிருந்தாங்க. உக்காந்து கைப்பிடியை ரெண்டு தடவை தடவினாரு. வயர் புது மிஷினைப் போட்டான். அறை வந்துச்சு. அதே மரத்தரை, அதே ஜன்னல்.

"அந்த நூலகத்துப் படிக்கட்டைக் குடுங்க, பாப்போம்"னாரு முதலாளி.

அலமாரிக்குப் பின்னால போனாரு. குனிஞ்சாரு. ஒண்ணும் இல்லை. நிமிர்ந்தாரு, மறுபடி குனிஞ்சாரு. வெறும் தரை. கூரையைப் பாத்தாரு, கூரை சுத்தமா இருக்கு. மூலையில குவியல் இல்லை, தலைகீழா எதுவும் தொங்கல. எல்லாம் அலமாரித் தட்டுல வரிசையா, ஒரே அளவுல, பேர் முன்னால தெரியற மாதிரி நிக்குது. ஒவ்வொண்ணு மேலயும் எழுத்து. அவருக்கு எறும்பு.

நான் வயர் பக்கம் திரும்பினேன். "என்னடா பண்ணின?"ன்னேன். அவ்வளவு பேர் முன்னால அவனை 'டா' போட்டுட்டேன்.

"இல்லக்கா... எல்லாம் கலைஞ்சு கிடந்துச்சு. முதலாளி பாக்கறப்ப அண்ணனுக்கு மரியாதையா இருக்கணும்னு, வீட்டு மிஷின்லயே பேர் வரிசையா அடுக்கிட்டுத்தான் இங்க மாத்தினேன். ராவும் பகலுமா உக்காந்து பண்ணினேன்க்கா. ஒண்ணுகூடத் தொலையல. எண்ணிப் பாத்துட்டேன், எல்லாம் பத்திரமா இருக்கு."

"பழையபடி மாத்து."

"எது எது எங்க இருந்துச்சுன்னு..." அவன் திரையை ஒரு தடவை பாத்தான். "அது அண்ணனுக்கு மட்டும்தானேக்கா தெரியும்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சுதுன்னு சொல்வாங்க. இவன் புதுசா எதையும் பிடிக்கக்கூட நினைக்கல, பாவி, கும்பிடப் போய் சிலையையே உடைச்சுட்டான். என் நாத்தனார் மேல போட்ட கூச்சலை இவன் மேல போடலாம்னு வாயைத் திறந்தேன். அவன் கழுத்து வயரை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். கூச்சல் வரல.

அவர் அதுக்குள்ள ஜன்னல் பக்கம் போயிருந்தாரு. கீழே, இடது பக்கம். சுத்தமான மரத்தரை. மவுஸை வெச்சு அந்த ஒரே இடத்தை அமுக்கினாரு, திரும்பத் திரும்ப அமுக்கினாரு. நான் நாற்காலிக்குப் பின்னாலதான் நிக்கறேன். "நான் இங்க இருக்கேங்க"ன்னு தோளைத் தொட்டேன். திரும்பி என்னைப் பாத்தாரு, திரையைப் பாத்தாரு, மறுபடி என்னைப் பாத்தாரு. வீட்டுக்குள்ள திருடன் வந்துட்டுப் போன முகம்.

முதலாளி, "பரவாயில்லைய்யா, மெதுவாப் பழகிக்கலாம்"னாரு. ஒரு மாசம் அவகாசம் குடுத்தாரு. வயர் வீட்டு மிஷினைத் திரும்பக் கொண்டுவந்து வெச்சுட்டு, தினமும் வீட்டுக்கு வந்தான். ஒவ்வொரு வரைபடமாத் திறந்து காட்டி, "இது எங்கண்ணே இருந்துச்சு?"ன்னு கெஞ்சுவான். முதல்ல கை எழும்பும், ஒரு பக்கம் காட்டும். அங்க கொண்டுபோய் வெச்சா, இல்லைன்னு தலையை ஆட்டுவாரு. மறுநாள் வேற பக்கம் காட்டுவாரு. டாக்டர்கிட்டக் கேட்டேன். "நோவுக்கு முன்னாடி மனசுல பதிஞ்ச இடம்தாம்மா அவருக்குத் துணையா இருந்துச்சு. இந்த நிலைமையில ஒரு தடவை கலைஞ்சுட்டா, மறுபடி ஒட்டறது கஷ்டம்"னாரு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டல. மாசம் முடியறதுக்கு முன்னாடியே அவர் காலையில சட்டை போடறதை நிறுத்திட்டாரு.

என் போட்டோவை மட்டும் நானே தேடி எடுத்தேன். பேரே வைக்காத படம்கிறதால கடைசித் தட்டுல கடைசியா நின்னுச்சு. வயரை வெச்சு, ஜன்னலுக்குக் கீழே, இடது பக்கம், தரையோட ஒட்டி வெக்கச் சொன்னேன். ஒரு நூல் பிசகாம அதே இடம். அவரைக் கூட்டிட்டு வந்து உக்காரவெச்சேன்.

பாத்தாரு. படத்துல நான் கத்திட்டு இருக்கேன். அவர் கை மெதுவா எழும்பி இடது பக்கம் போச்சு. பாதி வழியில கை நின்னுது. அங்க ஏதாவது இருக்குமா, மறுபடி வெறும் தரையா இருக்குமாங்கற சந்தேகம் அந்தக் கையில தெரிஞ்சுது. விரலை மடக்கி மடியில வெச்சுக்கிட்டாரு.

உங்க அறை கண்ணுக்கு அழகா இருக்க மட்டும் இல்லைங்க, நான்தான் ஒத்துக்காம இருந்தேன்னு அவர்கிட்டச் சொன்னேன். காதுல விழுந்துச்சோ என்னவோ, ஜன்னலையே பாத்துட்டு இருந்தாரு.

இப்பல்லாம் அவர் என்னைக் கூப்பிடறதில்ல. தண்ணி வேணுமோ, பசிக்குதோ, நானா நினைச்சுக்கிட்டு அப்பப்பப் போய் முன்னால நிக்கறேன்.