முதல் பேஸில் இறக்கி வைத்த பாரம்

ஆர்வித் டோலெஃப்சன் நின்ற இடத்தில் மண் ஆட்டத்துக்கு ஒரு சாண் இறங்கியது. எங்கள் மார்லோ ஊரின் பேஸ்பால் மைதானக்காரர்கள் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் முதல் பேஸ் ஓரமாக ஒரு தள்ளுவண்டிச் செம்மண்ணைக் கொட்டி நிரப்பிவிட்டு, அந்த வருஷ மக்காச்சோளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக்குப் போவார்கள்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். பந்தை அடித்துவிட்டு ஓடிவரும் எதிரணிக்காரன் முதலில் வந்து நிற்கும் இடம் முதல் பேஸ். அங்கே காவல் நிற்பவர் அவனோடு இரண்டு வார்த்தை பேசுவது இந்த விளையாட்டின் வழக்கம். மற்ற ஊர்களில் மழையைப் பற்றியும் மீன் பிடிப்பதைப் பற்றியும் பேசுவார்கள். ஆர்வித் மட்டும், "வீட்ல எல்லாம் எப்படிப்பா?" என்று கேட்டுவிட்டு நிஜமாகவே பதிலுக்குக் காத்திருப்பார். ஒருவன் அப்பாவோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைச் சொன்னான், இன்னொருவன் மனைவி பியானோ வாத்தியாரோடு போனதைச் சொன்னான். சொன்னவனின் பாரம் இறங்கிவிடும், இறங்கியது ஆர்வித் மேல் ஏறிக்கொள்ளும். 1951இல் அணியில் சேர்ந்தபோது அவர் ஒடிசலான ஆள். பத்து வருஷத்துக்குப் பிறகும் அதே ஒடிசல்தான், ஆனால் அவர் ஏறினால் அணியின் பஸ் ஒரு பக்கம் சாய்ந்தது. ஓட்டுநர் அவரை நட்டநடுவில் உட்காரவைத்தார். தேவாலயத்தில் அவருக்கென்று கருவாலி மரத்தில் தனி பெஞ்சு போட்டார்கள்.

இதில் ஒரே ஒரு சிக்கல். பாரம் இறங்கியவன் காலில் இறக்கை முளைத்துவிடும். பந்துவீச்சாளன் கையை ஓங்குவதற்குள் அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவான், ஆட்டக்காரர்கள் அதைப் பேஸ் திருடுவது என்பார்கள். தொந்தி பெருத்தவர்களெல்லாம் மார்லோவுக்கு வந்தால் முயலாய்ப் பறந்தார்கள். மேனேஜர் ஹென்னிகர் புகையிலையைத் துப்பிவிட்டு, "பாதிரியார் வேலை பாக்கவாடா உன்னை இங்க நிறுத்தியிருக்கேன்?" என்று கேட்டார். ஆர்வித் ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை. வந்தவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே கொட்டித் தீர்த்தார்கள். சொந்த அணிக்காரர்கள் எப்படி வீசினாலும் பந்து அவர் கையைத் தாண்டாது என்பதால் ஹென்னிகருக்கு அவரை அனுப்பவும் மனமில்லை.

அந்தக் கைதான் இப்போது பொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக ஆர்விதுக்கு இடது கண் மங்கிவந்தது. வரும் பந்தைப் பாதி காதாலும் பாதி பழக்கத்தாலும் பிடித்தார். மே மாதம் ஒரு பந்து நெற்றிப்பொட்டை உரசிக்கொண்டு போனது. அடுத்தது உரசுவதோடு விடாது, மண்டையிலேயே விழும் என்று அவருக்குத் தெரியும், முதல் பேஸை விட்டால் தான் யாருமில்லை என்றும் தோன்றியது. ஊரார் கதைக்கெல்லாம் காது கொடுத்தவருக்குத் தன் கதையைச் சொல்ல இடமில்லை. மனைவி லவர்னிடம் சொல்ல வாயெடுப்பார், முகத்தைப் பார்த்ததும் உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் கேட்பார். ஓடிவந்து முதல் பேஸில் நின்று இளைப்பாறவும் அவருக்குக் கொடுப்பினை இல்லை. அடித்தால் பந்து வேலிக்கு வெளியே போகும், எங்கும் நிற்காமல் எல்லா பேஸையும் சுற்றி வந்துவிட வேண்டியதுதான். இல்லையென்றால் அவுட்.

1962 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, டன்மோர் ஊர் மைதானத்தில், எதிரணிப் பந்துவீச்சாளன் நான்கு பந்துகளை எட்டாத தூரத்தில் வீசித் தொலைத்தான். அப்படி வீசினால் அடிக்க நிற்பவர் முதல் பேஸுக்கு நடந்தே போகலாம். ஆர்வித் நடந்தார், வழியெல்லாம் குழி விழுந்தது. அங்கே காவல் நின்றவன் வில்லிஸ் பெட்டிஜான், இளவட்டம். முந்தின வருஷம் மார்லோவில் ஆர்விதிடம் எதையோ சொல்லி அழுதுவிட்டு பேஸ் திருடிக்கொண்டு போனவன். வாயிலிருந்த சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டான்.

"வீட்ல எல்லாம் எப்படிண்ணே?"

நல்லாயிருக்கோம் என்று சொல்லத்தான் ஆர்வித் வாயைத் திறந்தார்.

"கண்ணு தெரியலடா தம்பி. பயமா இருக்கு. இதுக்கு மேல ஆட முடியாது என்னால."

"அட, இவ்ளோதானா? மூஞ்சியப் பாத்து யாரையோ கொன்னுட்டீங்கன்னுல்ல நினைச்சேன்."

ஆர்வித் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் பதினோரு வருஷத்துப் பாரமும் சேர்ந்து இறங்கியது. வில்லிஸ் முழங்கால்வரை மண்ணில் புதைந்தான். "போங்கண்ணே, எனக்கு வயசிருக்கு, தாங்கிக்குவேன்" என்றான். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் ஆர்வித் இரண்டாம் பேஸில் இருந்தார், சரியாகச் சொன்னால் அதற்கு ஒரு சாண் மேலே இருந்தார். கால் படவில்லையே என்று எதிரணி முறையிட்டது. நடுவர் குனிந்து பார்த்து, நிழல் படுகிறது, போதும் என்று தீர்ப்புச் சொன்னார். ஹென்னிகர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆர்விதின் கண் மங்குவதை அவரும் கவனித்திருந்தார், இனி ஆட வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல் எத்தனையோ நாளாகத் தவித்திருக்கிறார்.

ஆட்டம் முடிந்து மைதான வாசலில் காத்திருந்த லவர்னிடம் ஆர்வித் எல்லாவற்றையும் சொன்னார்.

"தெரியும். போன வருஷம் காப்பில உப்பப் போட்டுக் குடிச்சியே, அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீ சொல்லுவன்னு காத்துக்கிட்டிருந்தேன்."

அதைச் சொல்லி முடித்ததும் லவர்னின் கால்களும் லேசாக எழும்பின. இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள், பஸ் நேராக ஓடியது. பிறகு ஆர்வித் விதைக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். காற்றடிக்கும் நாட்களில் அவர் கோட்டுப் பைகளில் லவர்ன் பக்கத்துக்கு ஒன்றாய் இரண்டு குதிரை லாடங்களைப் போட்டு அனுப்புவார். எங்கள் மைதானத்தில் தள்ளுவண்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. டன்மோர்க்காரர்கள் வந்து கேட்டபோது அதைக் கொடுத்துவிட்டோம்.