விண்ணப்பப் புத்தகத்தில் ஒரு பெயர்

வேதசிரோமணியாரின் குடும்பத்துக்குக் கிழக்குத் தாம்பரத்தில் சொன்ன சொல் தவறாத குடும்பம் என்று பெயர். 2006-இல் அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது. சபையின் பொன்விழா மலருக்கு, அங்கே முதல் உபதேசியாராக ஊழியம் செய்த தம் தகப்பனாரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தருவதாக எல்லோர் முன்னிலையிலும் வாக்குக் கொடுத்திருந்தார். ஆகஸ்டு கடைசி ஞாயிற்றுக்கு முன் வராவிட்டால் அந்தப் பக்கங்கள் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குப் போகும் என்று மலர்க்குழுத் தலைவர் எலியேசர் சொல்லிவிட்டார்.

தகப்பனாரைச் சாதாரணச் சொற்களால் எழுதுவதா? காலை ஐந்தரைக்கு மேசை முன் உட்காருவார். அப்பாவின் நடைக்கு ஒரு சொல் வேண்டும். அதைத் தேடி ஒரு புத்தகத்தைத் திறப்பார். தேடியது கிடைக்காது, தேடாதவை நான்கு கிடைக்கும். அவற்றை நீலப் பாக்கெட் நோட்டில் அர்த்தத்தோடு குறிப்பார். காப்பி வந்துவிடும். பத்து மணிக்குக் கிளை நூலகம். ஜூலை முடிவதற்குள் நோட்டில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்திருந்தன. கட்டுரையில் 'என் தகப்பனார்' என்ற இரண்டு சொற்கள்.

"விருந்துக்குப் பாத்திரமா வாங்கிட்டே இருக்கீங்க. உலையை எப்ப வைப்பீங்க?" என்றார் மனைவி கிருபா.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிருபா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் ஜெப விண்ணப்பப் பெட்டியில் ஒரு சீட்டைப் போட்டார். முழங்கால் அறுவை முடிந்த ஒருவருக்கும் விசாவுக்குக் காத்திருந்த சபைப் பெண் ஆஷாவுக்கும் நடுவே போதகர் அதை விண்ணப்பப் புத்தகத்தில் ஏற்றி வாசித்தார்: சகோதரர் வேதசிரோமணி தினமும் எழுத உட்காரவும், உட்கார்ந்தால் எழுதவும் ஜெபிப்போம். சபை கண்ணை மூடிக்கொண்டது. பின் வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

ஆராதனை முடிந்ததும் வேதசிரோமணியார் தம் பெயரை அடிக்கச் சொல்லிப் போதகரிடம் போனார். அது நடக்காது. விண்ணப்பப் புத்தகத்தில் ஏறிய பெயர், உரியவரே எழுந்து நின்று, விண்ணப்பம் நிறைவேறியதற்கு ஸ்தோத்திரம் சொல்லும்வரை வாராவாரம் வாசிக்கப்படும் என்பது அந்தச் சபையின் வழக்கம். எழுதி முடித்துவிட்டேன் என்று எழுந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் பீடத்தின் முன் பொய் சொல்வது அவர் பரம்பரையில் இல்லை.

அதற்குப் பிறகு ஷேர் ஆட்டோவில்கூட எத்தனை பக்கம் ஆயிற்று என்று விசாரித்தார்கள். அதே புத்தகத்தில் விசாவுக்காகப் பெயர் ஏறியிருந்த ஆஷா தினமும் காலை ஆறு மணிக்குப் போன் செய்து, இன்று எழுதியாயிற்றா அங்கிள் என்று கேட்டு வைத்துவிடுவாள். அவளிடம் மட்டும் பொய் சொல்லலாமா? போன் அடிப்பதற்குள் இரண்டு வரியாவது எழுதிவைத்தார். இரண்டு நான்காயிற்று. நோட்டில் கிடந்த சொற்கள் சில தாமாகவே வந்து உட்கார்ந்தன. பல வரவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. அப்பாவின் நடைக்கு மட்டும் கடைசிவரை சொல் அகப்படவில்லை. அதனால் கட்டுரையில் அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டார்.

கெடு வைத்த ஞாயிற்றுக்கு முந்தின மாலை கட்டுரையை எலியேசர் வீட்டில் கொடுத்தார். நின்றபடியே படித்த எலியேசரின் முகம் ஓரிடத்தில் மாறியது. ரயிலில் வந்த ஆலய மணியை மாட்டுவண்டியில் கொண்டுவரும்போது மாடு மிரண்டதும், உபதேசியார் மூக்கணாங்கயிற்றைப் பிடித்ததும், கூட வந்த எலியேசரின் தகப்பனார் ஓடியதும் அதில் இருந்தன.

"அண்ணா, எங்க அப்பா ஓடினார்னு போட்டிருக்கீங்களே."

"ஓடினது உண்மைதானே தம்பி? அவரே சொல்லிச் சிரிப்பார்."

"அவர் சொல்லலாம். அச்சுல வந்தா என் பேரன் என்ன நெனைப்பான்?"

குடும்ப மானத்தைப் பற்றி வேதசிரோமணியாருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று எழுதவும் மாட்டார். சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். விரைந்தார் என்பது ஓடினாரைவிட வேகமாக இருந்தது. பின்வாங்கினார் வேண்டவே வேண்டாம் என்றார் எலியேசர். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 'ஒதுங்கினார்' என்பதில் இரண்டு குடும்பங்களுக்கும் சமாதானம் ஏற்பட்டது. எலியேசர் அதை இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்தார்.

"இதுல ஒரு மரியாதை இருக்குண்ணா. இன்னும் எத்தனை வச்சிருக்கீங்க?"

"நானூறுக்கு மேல. வேற யாரோட அப்பாவாவது ஓடியிருந்தா அனுப்பி வைங்க."

மறுநாள் போதகர் விண்ணப்பப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே வேதசிரோமணியார் முதுகு நிமிர எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னார். போதகர் பேனாவைத் திறந்து, எல்லோரும் பார்க்க, அந்தப் பெயரை அடித்தார்.