செல்வமேரி வந்து நின்ற கட்டில்

செல்வமேரி பன்னிரண்டு வருஷம் ராணுவ மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். கேப்டன் பதவி, தோளில் மூன்று நட்சத்திரம். கால் போனவனிடம் கால் போய்விட்டது என்று முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகியவள். மும்பை செம்பூரில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கு அவள் மாறி வந்ததும் அங்கிருந்த டாக்டர்களுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி ஆகிவிட்டது. தாராவித் தமிழ்ப் பிள்ளை எது கண்ணை மூடினாலும், "சிஸ்டர், ஆப் ஹீ போல் தோ" என்று இந்தியில் கெஞ்சி, பெற்றவளிடம் செய்தியைச் சொல்ல அவளை முன்னே தள்ளிவிட்டு நழுவிவிடுவார்கள். பிள்ளை பிழைத்துவிட்டால் மட்டும் அவர்களுக்கே தமிழ் பொத்துக்கொண்டு வரும்.

பதினைந்து வருஷத்தில் தாராவிச் சந்துகள் இதற்கு ஒரு அர்த்தம் கற்பித்துவிட்டன: செல்வமேரி வந்து நின்ற கட்டிலில் பிள்ளை தங்காது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் மீன் வாங்கப் போனால் பெண்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். காணாதது போலப் போவாள். வலிக்காமல் இல்லை.

ஆகஸ்டில் தாராவிக்காரி சாயிராவின் ஐந்து வயது மகள் சபா டெங்குவோடு வந்து சேர்ந்தாள். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. சாயிராவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் பொல்லாதது. பிள்ளையின் பாதம் சில்லிட்டிருப்பதைச் செல்வமேரி கண்டாள். வேறு நர்ஸை அனுப்பியிருக்கலாம். மற்றவர்களுக்குத் தமிழ் வராதே என்று தானே போய்க் கட்டிலருகே நின்றாள்.

சாயிராவின் முகம் வெளுத்துவிட்டது. "நீங்க ஒண்ணும் சொல்லாண்டாம் சிஸ்டர். எம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுட்டு."

"விட்ட பொறவுதாம்மா பயமே. இன்னும் ரெண்டு நாளு இங்ஙன கெடக்கட்டும்."

"அல்லாவே, இவிய வந்துட்டாவளே!" சாயிரா பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். டாக்டர் தடுத்தார், மிரட்டினார். எங்கள் பொறுப்பில் கூட்டிப்போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆட்டோவில் கொண்டுவந்தபோது பிள்ளைக்கு நாடி இல்லை. டாக்டர் வழக்கம்போல் செல்வமேரியைத் தேடினார்.

அவள் சொன்னாள். சாயிரா அழவில்லை. "இங்ஙனயே இருந்திருந்தா?" என்று கேட்டாள்.

ஒரு பொய் போதும், அந்தத் தாய் மிச்ச நாளைத் தள்ளிவிடுவாள். அது செல்வமேரிக்குத் தெரியாததல்ல. ஆனால் தன்னைக் கண்டு முந்தானைக்குள் மூடப்பட்ட அத்தனை பிள்ளை முகங்களும் அவள் கண்முன் வந்து நின்றன.

"பொழைச்சிருப்பா."

சாயிரா தலையை நிமிர்த்தி அவளை நேராகப் பார்த்தாள்.

"நேத்து நீங்க வராம இருந்திருந்தா நான் தூக்கிட்டே போயிருக்க மாட்டேன், சிஸ்டர்."

அதுவும் உண்மைதான்.