பவுடர் தூவிய தரை

பதினொன்று இருபத்தைந்துக்குச் சவ வண்டி தகனக்கூடத்தின் வாசலில் நின்றது. நின்றதோடு சரி. பின்கதவை யாரும் திறக்கவில்லை.

பின்னால் வந்த காரில் நடாலி உட்கார்ந்திருந்தாள். முன்னால் இருந்த வண்டியின் கண்ணாடி வழியாக அம்மாவின் பெட்டி தெரிந்தது. மேலே அவள் சொல்லிவைத்த வெள்ளைப் பூக்கள். பூக்களின் நடுவே அவள் சொல்லாத ஒன்றும் இருந்தது. உயர்த்திய முஷ்டி தைத்த வட்டமான துணி வில்லை, ஒரு காலத்தில் அம்மாவோடு ஆடியவர்களின் சின்னம். காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அது அங்கே இல்லை.

இறுதிச் சடங்குப் பொறுப்பை ஏற்றிருந்த ஹாலம் உள்ளே போனார். சற்று நேரத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இங்கிலாந்தின் விகன் ஊரில் முப்பது வருடமாக இந்த வேலை செய்கிறவர். அவர் முகத்தில் அப்படியொரு குழப்பத்தை நடாலி எதிர்பார்க்கவில்லை. கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"தரையெல்லாம் பவுடரா இருக்கு, மேடம்."

"என்ன பவுடர்?"

"குழந்தைங்களுக்குப் போடுவாங்களே, அது. வாசல்லேர்ந்து மேடை வரைக்கும். எங்க பசங்க ஷூவெல்லாம் தோல் அடி, வழுக்கிடும். பெட்டியத் தூக்கிட்டு அதுல நடக்க விட மாட்டேன்."

யார் தூவினார்கள் என்று அவள் கேட்கவில்லை. கதவைத் திறந்து இறங்கினாள்.

உள்ளே நாற்பது பேர் இருப்பார்கள். எல்லோருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். ஆண்களில் பாதிப்பேர் கீழே பாவாடைபோல் விரிந்த பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். அவள் உள்ளே நுழைந்ததும் யாரும் நிமிரவில்லை. நடைபாதையின் மரத் தரை முழுக்க வெள்ளையாக இருந்தது. குழந்தை வீட்டு வாசனை. மேடைப் பக்கத்தில் நார்மன் காலி டப்பாவோடு நின்றுகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் சோல் என்னும் அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டுகளை விடிய விடிய இசைத்தட்டில் போட்டு ஊரையே ஆட வைத்தவர் என்று எல்லோரும் சொல்வார்கள். இப்போது இரண்டு முழங்காலும் செயற்கை.

"அவளுக்காகத்தான் கண்ணு. கிளீத்தோர்ப்ஸ்ல பண்ணின மாதிரி," என்றார்.

நடாலி கண்ணை மூடித் திறந்தாள்.

பத்து நாட்களாக அந்த ஊர்ப் பெயரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பற்றிப் பேச வேண்டும், ஏதாவது சொல்லுங்கள் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டாள். ஒவ்வொருவரும் கிளீத்தோர்ப்ஸைச் சொன்னார்கள். விகனில் அவர்கள் ஆடிய அரங்கம் மூடிப் பதினேழு வருடங்களுக்குப் பிறகு, பழைய ஆட்களெல்லாம் ஒரு பேருந்தைப் பிடித்துக்கொண்டு அந்தக் கடற்கரை ஊருக்குப் போனார்கள். கடலுக்குள் நீண்டிருந்த மேடையில் ஒரு மண்டபம். தரையில் புதிதாகப் பூசிய எண்ணெய் காயாமல் ஒட்டியது, காலை இழுக்கவே முடியவில்லை. கால் வழுக்கி ஆடுவதற்காகப் பவுடர் தூவினார்கள். மேலாளர் வந்து கத்தினான். பாலின், அதாவது அம்மா, அவனிடம் மாப்பை வாங்கித் தானே துடைத்தாள். அவன் முதுகைத் திருப்பினதும் மறுபடி தூவினாள். இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். மறுபடி வந்தான், மறுபடி துடைத்தாள், மறுபடி தூவினாள். அம்மாவின் ஆட்டத் தோழி ஏவ்ரில் சொல்லும்போது இது மூன்று முறை நடந்தது. ஸ்டோக்கிலிருந்து போன் பண்ணிய ஒருவர் ஐந்து என்றார். நார்மன் சொன்னதில், விடியும்போது அந்த மேலாளரே சட்டையைக் கழற்றிவிட்டு ஆடிக்கொண்டிருந்தான்.

வேறு ஏதாவது, என்று நடாலி கேட்பாள். வேறயா, என்று அவர்கள் யோசிப்பார்கள். பிறகு அந்தப் பேருந்தில் வழியெல்லாம் பாடிக்கொண்டு போனதைச் சொல்வார்கள்.

நடாலிக்கு அப்போது பதினெட்டு. அம்மா ஞாயிறு மாலை திரும்பி வந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள், கால் வீங்கியிருந்தது. எப்படி இருந்தது என்று கேட்டதற்கு நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். அவ்வளவுதான். மேலாளரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மாப்பைப் பற்றி இல்லை. திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்து தொழிற்சாலைக்குப் போய்விட்டாள்.

அந்தத் திங்கட்கிழமையைப் பற்றித்தான் நடாலி பேசப் போகிறாள். ஐந்து நிமிடப் பேச்சு. மூன்று இரவு உட்கார்ந்து போனில் எழுதியிருந்தாள். இந்த நாற்பது பேரும் தாங்கள் பாலி என்று கூப்பிடும் ஆட்டக்காரியை மட்டும் அனுப்பிவைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. இது அவள் அம்மாவின் சாவு.

தகனக்கூடத்தின் ஊழியர் ஒருவர் துடைப்பத்தோடு வந்தார். பெருக்கியதும் பவுடர் எழும்பி முன்வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள். மரக்கட்டைகளின் இடுக்கில் போனது வரவில்லை. பிறகு ஈர மாப்பு வந்தது. ஈரம் பட்டதும் அது பசையாகிவிட்டது. ஹாலமின் ஆட்களில் ஒருவன் ஷூ முனையை வைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

பன்னிரண்டு மணிக்கு அடுத்தவர்கள் வருகிறார்கள் என்று ஊழியர் பணிவாகச் சொன்னார். அவர்களுடைய கார்கள் ஏற்கெனவே வந்துகொண்டிருக்கின்றன என்றும் சொன்னார். இரண்டாவது முறையும் சொன்னார்.

நார்மன் குனிந்து கைக்குட்டையால் துடைக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றார், கீழேயும் போக முடியாமல் மேலேயும் வர முடியாமல். இரண்டு பேர் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

நடாலி ஊழியரின் கையிலிருந்து மாப்பை வாங்கினாள். கறுப்புக் கோட்டைக் கழற்றி ஏவ்ரிலின் மடியில் போட்டாள். வாளித் தண்ணீரை இரண்டு முறை மாற்றச் சொன்னாள். வாசலிலிருந்து மேடை வரை நீளநீளமாக இழுத்தாள். நாற்பது பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏவ்ரிலின் கண் கலங்கிவிட்டது. வாயைத் திறந்தாள்.

"சொல்லாதீங்க," என்றாள் நடாலி.

தரை காய்வதற்காகக் கதவைத் திறந்து வைத்தார்கள். மழைக்காற்று வந்தது. பெட்டி உள்ளே வந்தபோது சுவர்க் கடிகாரம் பதினொன்றே முக்கால் என்று காட்டியது. தூக்கியவர்கள் ஆறு பேரும் கண்ணாடிமேல் நடப்பதுபோல் பாதத்தைப் பரப்பிப் பரப்பி வைத்தார்கள். பெட்டியைப் பார்த்து அழ வேண்டிய நேரத்தில் எல்லோரும் அவர்களுடைய காலையே பார்த்தார்கள். நடாலியும்தான்.

சடங்கை நடத்தித் தர வந்திருந்த பெண் மென்மையாகப் பேசுபவள். அவள் நடாலியையும் நார்மனையும் ஓரமாகக் கூப்பிட்டாள். வரவேற்பு, ஒரு கவிதை, மகள் பேச்சு, மூன்று பாட்டு, விடைகொடுத்தல் என்று ஏற்பாடு. இப்போது எல்லாவற்றுக்கும் நேரம் இல்லை. பேச்சா, பாட்டா, ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றாள். சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் நின்றாள்.

நார்மனின் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. இசைத்தட்டுகளுக்கென்றே செய்தது, மூலைகளில் தகடு வைத்தது. காலையிலேயே வந்து தன்னுடைய இசைத்தட்டுக் கருவியை மேடை ஓரத்தில் பூட்டி, ஒலிபெருக்கியோடு இணைத்து வைத்திருந்தார். தகனக்கூடத்துக் கணினியில் எந்தப் பாட்டு வேண்டுமானாலும் இருக்கிறது என்று ஊழியர் சொன்னதற்கு, கணினிப் பாட்டோடு போவதற்குப் பாலி செத்தே போயிருக்க வேண்டாம் என்றாராம். இப்போது பெட்டியைக் கீழே வைத்தார்.

"நீ பேசு கண்ணு. தப்பு எங்களோடது."

நடாலி எதிர்பார்த்தது சண்டையை. பத்து நாளாக அதற்குத்தான் தயாராக இருந்தாள். அவர் இப்படிச் சொன்னது அவளுக்கு எரிச்சலாக இருந்தது. முகத்தில் பவுடர் ஒட்டிய ஒரு கிழவரிடமிருந்து ஜெயித்து வாங்கிக்கொள்ள எதுவும் இல்லை.

"ஒரு பாட்டு எவ்வளவு நேரம்?"

"ரெண்டரை நிமிஷம். எல்லாமே அவ்வளவுதான். அதுக்குமேல எவன் மூச்சுப் பிடிப்பான்."

"கவிதை வேண்டாம்," என்றாள் நடாலி அந்தப் பெண்ணிடம். "வரவேற்பும் வேண்டாம், எல்லாரும் வந்தாச்சு. நான் பேசறேன். அப்புறம் இவர் ஒண்ணு போடட்டும். நார்மன், ஒண்ணே ஒண்ணுதான்."

"ஒண்ணு," என்றார் நார்மன். விரலைக் காட்டினார்.

அவள் மேடைக்குப் போனாள். கை ஈரமாக இருந்ததால் போன் திறக்க இரண்டு முறை மறுத்தது.

எழுதியதை அப்படியே வாசித்தாள். அம்மா முப்பத்தோரு வருடம் டின் உணவுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். ஓடுகிற பட்டையில் வரும் டப்பாக்களில் நசுங்கியதைப் பார்த்துப் பொறுக்கும் வேலை. வாரக் கடைசியில் எங்கே போனாலும் திங்கட்கிழமை ஒன்றுகூடத் தவறியதில்லை. அப்பா போன பிறகு சனிக்கிழமை ஷிஃப்டும் சேர்த்துப் பார்த்தாள். டப்பாக்களின் சத்தத்தில் இடது காது போய்விட்டது. கடைசி ஏழெட்டு வருடங்களாக அந்தப் பக்கம் எதுவுமே கேட்காது. சொல்லிக்கொள்ள மாட்டாள், வலது பக்கம் ஆளை உட்கார வைத்துக்கொள்வாள்.

நார்மன் நிமிர்ந்து ஏவ்ரிலைப் பார்த்தார். ஏவ்ரில் அவரைப் பார்த்தாள். பின்வரிசையில் யாரோ பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ மெதுவாகக் கேட்டார்.

நடாலி மேலே வாசித்தாள். வீட்டில் அம்மா ஆடியதே இல்லை. ஒரு தடவைகூட. சமையலறையில் வானொலி ஓடும்போதுகூட நேராக நின்றுதான் உருளைக்கிழங்கு சீவுவாள். சின்ன வயதில் ஆடிக் காட்டு என்று கேட்டிருக்கிறேன். கால் வலிக்குது போ என்பாள். நீங்கள் எல்லோரும் பார்த்த ஒன்றை நான் பார்க்கவில்லை. ஆனால் நான் பார்த்ததை நீங்களும் பார்க்கவில்லை.

எழுதும்போது இந்த வரி அவளுக்குப் பிடித்திருந்தது. அதை எப்படிச் சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தாள். இப்போது சொல்லி முடித்ததும் மண்டபம் அமைதியாக இருந்தது. அவள் நினைத்த மாதிரியான அமைதி இல்லை. விரிந்த கால்சட்டைக்காரர்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு, திட்டு வாங்கியவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கொண்டு இரண்டு பத்தி இருந்தது. அவற்றை விட்டுவிட்டாள். நன்றி என்று சொல்லிக் கீழே இறங்கினாள்.

சடங்குப் பெண் பெட்டியின் அருகே போய் நின்றாள். பாட்டு முடிந்ததும் பெட்டியை மறைத்துத் திரை மூடும் என்று சொன்னாள். நார்மனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

பாட்டு வரவில்லை.

நடாலி திரும்பிப் பார்த்தாள். இசைத்தட்டுக் கருவியைச் சுற்றி நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். நார்மனின் கையில் மூன்று தட்டுகள் இருந்தன. எது என்பதில் தகராறு. கிசுகிசுவென்று ஆரம்பித்தது மெல்ல மெல்ல எல்லோருக்கும் கேட்கிற குரலாகிக்கொண்டிருந்தது. கிளீத்தோர்ப்ஸில் பாலி கடைசியாக ஆடியது இதுதான் என்றாள் ஏவ்ரில். அது இரண்டாம் தரம், பாலி அதற்கெல்லாம் காலை எடுத்து வைக்க மாட்டாள் என்றார் ஒருவர். நீ அன்னிக்கு பஸ்ஸிலேயே குடிச்சிட்டு விழுந்து கிடந்தே, உனக்கு என்ன தெரியும் என்றாள் ஏவ்ரில். இன்னொருவர் அது அசல் அச்சே இல்லை, பிறகு போட்டது என்றார். நார்மனுக்கு முகம் சிவந்துவிட்டது. என் வீட்டுக்குள்ளேயே போலி வராது என்றார். சவப்பெட்டி பக்கத்தில் இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஊழியர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அடுத்த சவ வண்டி வந்து நின்றிருந்தது. அதன் பின்னால் ஒரு குடும்பம் குடைகளோடு.

நடாலி எழுந்து போனாள்.

அவள் பக்கத்தில் வந்ததும் பேச்சு நின்றது. வழிவிட்டு நகர்ந்தார்கள். மூன்று தட்டுகளின் நடுவிலும் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. போட்டிக்கு இசைத்தட்டுப் போடுகிறவர்கள் எட்டிப் பார்த்துப் பெயரைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று நார்மன் அந்தக் காலத்தில் ஒட்டியது. ஐம்பது வருடம் ஆகியும் பிரிக்கவில்லை. தாள் பழுத்துப் போயிருந்தது.

நார்மன் தட்டுகளைச் சீட்டுக்கட்டுபோல் விரித்து அவள் முன்னால் நீட்டினார். ஏவ்ரில் அவள் தோளில் கையை வைத்தாள். சண்டை போட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள், அதுதான் சரி என்பதுபோல்.

"நாங்க ஆளுக்கொண்ணு சொல்லுவோம். நீ அவ மக," என்றார் நார்மன். "நீயே சொல்லு கண்ணு. உங்கம்மாவுக்கு எது பிடிக்கும்?"