இணைத்த கருவிகள்

"ஜூன் மாசம் தங்கச்சி வீட்டுல போய்க் கிடக்கப் போறியே, அந்தப் பின்னறையில ஹீட்டரே கிடையாதே. விறைச்சுப் போயிடுவ" என்றான் ராட்னி. சொல்லிக்கொண்டே அடுப்புத் தட்டின்மேல் ஆட்டிறைச்சித் துண்டைப் புரட்டிப் போட்டான்.

அவன் மனைவி நரெல் சாலட் கிண்ணத்தை மேசையில் வைக்கப் போனவள், வைக்காமல் நின்றாள். ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில், குளிர்காலம் நெருங்கும் ஏப்ரல் மாதத்து ஞாயிறு. பின்முற்றத்தில் வெயில் பேருக்குத்தான் இருந்தது. விருந்துக்கு வந்திருந்த கேவின் பீர் புட்டியை முழங்காலில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நான் லான்செஸ்டன் போறேன்னு உனக்கு யார் சொன்னது?"

"வேற யாரு, நீதான். வியாழக்கிழமை, பாத்திரம் தேச்சுட்டிருந்தப்ப." கேவினிடம் திரும்பினான். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "பாவம்டா, இப்பல்லாம் சொன்னது மறந்து போயிடுது அவளுக்கு. ஞாபக டெஸ்டுக்கு டாக்டர்கிட்ட பேர் குடுத்திருக்கோம்."

"நாப்பத்தெட்டு வயசுல எல்லாருக்கும் அப்படித்தான். நான் கார் சாவிய ஃப்ரிட்ஜுல வச்சுட்டுத் தேடினவன்" என்று கேவின் சமாளித்தான்.

நரெல் கிண்ணத்தை வைத்தாள். மனம் ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நின்றது. வியாழக்கிழமை அவளுக்கே தெரியாதே. லான்செஸ்டனில் இருக்கும் தங்கை ஜானினிடம் போய் ஒரு மாதம் இருந்து, இந்த வீட்டுக்குத் திரும்புவதா வேண்டாமா என்று யோசிக்கலாம் என்பது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் தோன்றியது. தோன்றியதும் ஜானினுக்கு எழுதினாள். ஜானின் அந்தப் பின்னறை தருகிறேன், ஹீட்டர்தான் இல்லை என்று பதில் போட்டாள். இந்த விஷயம் பூமியில் இரண்டே பேருக்குத் தெரியும்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக இதே கதைதான். மார்பில் கட்டி இருக்கிறதோ என்று பயந்ததை ஜானினிடம் மட்டும் சொன்னாள், மறுவாரம் ராட்னி, "அந்தக் கட்டி என்னாச்சு?" என்று கேட்டான். நீதான் சொன்னாய் என்றான். அலுவலகத்தை விட்டு வேறு வேலை தேடுவதும் அப்படித்தான், நீதான் சொன்னாய். அவள் தன்னையே சந்தேகிக்க ஆரம்பித்தாள். யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்து வைக்கும் அளவுக்கு வந்துவிட்டது. அவள் அம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் ஞாபகம் தப்பியிருந்தது. அந்தப் பயம் ஒன்று போதுமே ஒரு மனுஷியை மடக்கிப் போட.

ஜானினுக்கு அவள் எழுதுவது 'வாம்பட்' வழியாக. ராட்னியின் பிள்ளை மாதிரி அந்தச் செயலி. செய்திகளைப் பூட்டி அனுப்பும். நடுவில் இருக்கும் எவனும், அரசாங்கமே ஆனாலும், திறக்க முடியாது. அதன் நிரல் முழுவதும் எல்லார் பார்வைக்கும் விரித்து வைக்கப்பட்டிருக்கும். உலகத்தில் யாரும் எடுத்துப் படிக்கலாம், ஓட்டை இருந்தால் சொல்லலாம். ராட்னியும் கேவினும் இன்னும் சிலரும் ஒன்பது வருஷமாகக் கூலி இல்லாமல் கட்டியது. உதவிப் பக்கங்கள் அத்தனையும் நரெல் எழுதியவை. 'உங்கள் பேச்சு உங்களுடையது' என்ற முதல் பக்க வரியும் அவளுடையதுதான். உழைத்தவர் பட்டியலில் மட்டும் அவள் பேர் கிடையாது. அதில் நிரல் எழுதுகிறவர்களைத்தான் சேர்ப்பார்களாம்.

கேவின் கிளம்பியதும் ராட்னி அடுப்பைச் சுரண்ட உட்கார்ந்தான். நரெல் துணி துவைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தான் எழுதிய உதவிப் பக்கத்தையே திறந்து, புதிதாக வந்தவளைப்போல வரிக்கு வரி பின்பற்றினாள். அமைப்புகளுக்குப் போகவும். 'இணைத்த கருவிகள்' என்பதைத் தொடவும். உங்களுக்குத் தெரியாத கருவி ஏதேனும் இருந்தால் நீக்கவும்.

இருந்தது. 'கொட்டகை டேப்லட்'. தோட்டத்துக் கொட்டகையில் ராட்னி வேலை பார்க்கும் மேசைமேல் கிடப்பது. அவளுக்கு வருவதும் அவள் அனுப்புவதும் அதிலும் அப்படியே விழும். இணைத்துப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது. தேதியைப் பார்த்தாள். பித்தப்பை அறுவைக்கு அவளைத் தள்ளிக்கொண்டு போன நாள். "இத வச்சுக்கோ, ஜானினுக்கு ஒரு வார்த்தை சொல்லிடு" என்று போனையும் அதைத் திறக்கும் எண்ணையும் அவளேதான் அவன் கையில் கொடுத்தாள்.

அழுகை வரவில்லை. அடப்பாவி என்றுதான் வாயில் வந்தது. பைத்தியம் என்று நம்பிவிட்டேனே, என்னை நானே பைத்தியம் என்று நம்பிவிட்டேனே. பிறகு அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்தாள்.

திங்கட்கிழமை காலை ராட்னி நல்ல சட்டை போட்டுக்கொண்டு மெல்பர்னுக்கு ரயில் ஏறினான். அங்கே ஒரு மாநாடு. அந்தரங்கம் மனிதனின் உரிமை என்று பேசப் போகிறான்.

"செவ்வாய்க்கிழமை டெஸ்ட், மறந்துடாத செல்லம்" என்று வாசலில் அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

வாம்பட்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் குறை சொன்னாலும் பொதுப் பலகையில்தான் எழுத வேண்டும். அழுகை, ஆத்திரம் எதுவும் செல்லாது. இன்னின்ன படியாகச் செய்தேன், இது நடந்தது என்று, இன்னொருவர் செய்து பார்க்கும்படி எழுத வேண்டும். எழுதியது உடனே அறுநூறு பேருக்கு மின்னஞ்சலில் போய்விடும். இரண்டு வருஷம் முன்பு டப்போ ஊரிலிருந்து டொரீன் என்ற பெண் எழுதினாள். அடிபட்டு ஓடிவரும் பெண்களுக்குக் காப்பகம் நடத்துகிறவள். புதுக் கருவி இணைந்தால் மாதாமாதம் ஒரு அறிவிப்பு வரட்டும் என்று கேட்டாள். "வீட்டுக்குள்ள இருக்கறவனுக்கெல்லாம் பூட்டு செய்ய முடியுமா? நாசூக்கா மறுத்து எழுதிடு" என்றான் ராட்னி. நாசூக்காக எழுதிக் கொடுத்தவள் நரெல். அதை நினைக்க இப்போது உடம்பு கூசியது.

அவள் உட்கார்ந்து எழுதினாள். தலைப்பு: கருவி இணைந்தது உரியவருக்குத் தெரிவதில்லை.

'முதல் படி: மனைவிக்கு அறுவை நடக்கும் நாள்வரை காத்திருக்கவும். இரண்டாம் படி: மயக்க மருந்துக்கு முன் அவள் போனையும் எண்ணையும் உங்கள் கையில் தருவாள். மூன்றாம் படி: கொட்டகையில் உள்ள டேப்லட்டை இணைக்கவும். நான்காம் படி: பதினான்கு மாதம் படிக்கவும். ஐந்தாம் படி: எப்படித் தெரியும் என்று அவள் கேட்டால், நீதான் சொன்னாய் என்று சொல்லவும். நடக்க வேண்டியது: இன்னொருவர் படிப்பது அவளுக்குத் தெரிய வேண்டும். நடப்பது: அவள் ஞாபகப் பரிசோதனைக்குப் பேர் கொடுக்கிறாள்.'

படத்தையும் தன் பெயரையும் சேர்த்து அனுப்பினாள்.

பதினோரு நிமிடத்தில் பதில் வந்தது. மேடை ஏறும் அவசரத்தில் ராட்னி தலைப்பை மட்டும் பார்த்திருக்கிறான். பழைய புகார் என்று நினைத்து, எப்போதும் ஒட்டும் வரியை ஒட்டியிருந்தான்: 'இது பிழை அல்ல. வடிவமைத்தபடியே இயங்குகிறது. புகார் மூடப்பட்டது. ராட்னி.'

அடுத்த வரி டொரீனுடையது. 'சரிபார்த்தேன். இதே விளைவு. இந்த வாரம் எங்களிடம் வந்த இருவருக்கும் இதேதான்.' அதன் கீழே யாரோ: 'எங்கள் வீட்டிலும். மூன்றாம் படியில் என் போன் இணைந்தது மாமனாரின் கணினியோடு.' அதன் கீழே இன்னொருத்தி. மத்தியானத்துக்குள் நாற்பத்தொரு பேர்.

ராட்னி போன் செய்தான். மூச்சு வாங்கியது.

"என்ன பண்ணி வச்சிருக்க நரெல்? எல்லாரும் படிச்சிட்டு என் மூஞ்சியப் பாக்கறாங்க. அத எடுத்துடு."

"எடுத்தாலும் அறுநூறு பேர்கிட்ட மெயில் இருக்கு. இந்த ஏற்பாடு நீ வச்சதுதானே."

"நான் உன் மேல இருக்கற அக்கறையில பண்ணினேன். உனக்கு எதாவது ஒண்ணு ஆயிடக்கூடாதேன்னு."

"அந்தக் கட்டிய நான் பயந்து பயந்து ஜானினுக்கு எழுதினப்ப, கொட்டகையில உக்காந்து படிச்ச. வீட்டுக்குள்ள வந்து என் கையப் பிடிக்கல. ஒரு வாரம் கழிச்சு, நீதான் சொன்னன்னு சொன்ன."

நரெல் போனை வைத்துவிட்டாள். 'கொட்டகை டேப்லட்' என்ற பெயரைத் தொட்டு நீக்கினாள். பெட்டியில் கம்பளிச் சட்டைகளை எடுத்து வைத்தாள். பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்து நாளைய பரிசோதனை வேண்டாம் என்றாள்.

"காரணம் எதாவது போடணுமே, மேடம்" என்றாள் அங்கிருந்த பெண்.

"என் ஞாபகத்துல பிழை இல்லன்னு போட்டுக்கம்மா" என்றாள் நரெல். "வடிவமைச்சபடியே வேலை செய்யுது."