கண்ணூறு பட்ட காலுறை

கம்சாயினியின் கால்களில் இருக்கவேண்டிய காற்றுறைகள் புஸ்பத்தின் கால்களில் இருந்தன. புஸ்பம் பக்கத்து வளவுக்காரி. அவளுக்குப் பிறகு தன் முறைக்காகச் சாமித்தம்பி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

முதல் முறை வயிற்றில் பிள்ளை இருந்தபோது கம்சாயினிக்கு இடது காலில் இரத்தம் உறைந்தது. அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனது. பிள்ளை தங்கவில்லை, அவள் தங்கினாள். இந்த முறை தொடக்கத்திலேயே இரத்தம் உறையாதிருக்க ஊசி போட்டார்கள். ஏழாம் மாதத்தில் இரத்தம் போகவும் ஊசியை நிறுத்தவேண்டியதாயிற்று. நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, நடமாடக்கூடாது என்றார் டொக்டர். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும் என்றும் அவரே சொன்னார். மிச்சமிருந்த ஒரே வழி இந்த மெஷின். உறைகளில் காற்று நிரம்பிக் கெண்டைக்காலை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். அண்ணன் நிலோஜன் சுவிஸிலிருந்து அனுப்பியிருந்தான். குளிக்க மட்டும் கழற்றலாம் என்பது டொக்டரின் உத்தரவு.

தாய் அன்னப்பூரணிக்கு வேறொரு உத்தரவு இருந்தது. ஒருவர் ஆசையோடு பார்க்கும்போது அவருக்கு ஒரு வாய் கொடுக்காமல் தின்றால் கண்ணூறு படும். சோற்றுக்கு உள்ளது சுவிஸ் மெஷினுக்கும் உள்ளதுதானே? வயிற்றுப்பிள்ளைக்காரியைப் பார்க்கத் தேற்றாத்தீவில் யார் வந்தாலும், அவர்களுடைய பார்வை முதலில் மெஷினில்தான் விழுந்தது. பார்த்தவர்களுக்கெல்லாம் அன்னப்பூரணி ஐந்து நிமிடம் கொடுத்தாள். மகளின் பாதுகாப்புக்காக மகளின் காலிலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

"ஐயோ அக்கா, என்ன சொகம்!" என்றாள் புஸ்பம். "எண்ட மனிசன் கல்யாணம் முடிச்ச நாளில இருந்து ஒருக்காவாவது இப்பிடிக் கால் புடிச்சு உட்டிருப்பாரா?"

"பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறன். இறங்கு புள்ள," என்றார் சாமித்தம்பி. "உண்ட கால் கதிரையில கிடந்த கால். இது தண்ணிக்குள்ள நிண்டு வலை வீசின கால்."

"அம்மா, எனக்குக் கால் விறைக்குது," என்றாள் கம்சாயினி கட்டிலிலிருந்து. அவள் தடவிக்கொண்டிருந்தது அந்த இடது கால்.

"கொஞ்சம் பொறு மகள். சாமித்தம்பியண்ணன் நேத்தும் பாத்திட்டுப் போனவர். அவர்ட ஆசை அப்பிடியே நிண்டா உனக்குத்தான் கூடாது."

கம்சாயினியின் கணவன் சுபாகரன் அறை மூலையில் புத்தகத்தோடு இருந்தான். பிரதேச சபை நூலகத்தில் 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழே அவனுக்கு வேலை. இங்கே, பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில், அதே பலகை தனக்கு மட்டும் தொங்குகிறது என்று எண்ணி நடந்துகொண்டான். அவன் பேசாததை மரியாதை என்று மாமியார் ஊரெல்லாம் புகழ்ந்திருந்தாள். அந்தப் புகழ் இப்போது மனைவியின் காலில் உறைந்துகொண்டிருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

"உலகத்துப் புத்தகமெல்லாம் வாசிக்கிறீங்க," என்றாள் கம்சாயினி மெதுவாக. "அதில ஒரு வார்த்தையை வெளிய விடுங்களன்."

அவன் எழுந்தான். "மாமி, டொக்டர் கழட்டக்கூடாதெண்டவர்."

"டொக்டருக்குக் கண்ணூறப் பத்தி என்ன மருமகன் தெரியும்?"

உண்மை அந்த ஒரு கேள்வியோடு முடிந்துபோயிற்று. வாழ்நாளில் அதிகம் பேசாதவனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஆனாலும் வந்தது.

"இது அழுத்துற மெஷின் மட்டுமில்ல மாமி. விடுற நேரம் உறிஞ்சும். போடுற ஆளுட உளைவு, வலி எல்லாம் உறைக்குள்ள தங்கி நிக்கும். அடுத்துப் போடுற ஆளுக்கு இறங்கும்."

புஸ்பம் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"எனக்கு முதல் ஆரு போட்டது?" என்று கேட்டாள் புஸ்பம்.

"பத்தினிப்பிள்ளை," என்றாள் அன்னப்பூரணி.

"அவளுக்கு வாதமெல்லோ!" பர்ரென்று உறைகள் கழன்றன. சாமித்தம்பிக்குத் திடீரென்று தோணியில் வேலை வந்தது. இரண்டு பேரும் வளவு வாசலின் கடப்படியைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சுபாகரன் உறைகளை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனான். அன்னப்பூரணி குறுக்கே நின்றாள்.

"ஊருட உளைவெல்லாம் இதுக்குள்ள கிடக்கு. எண்ட புள்ளைக்குப் போட உடுவனா?"

"மாமி, அது நான் சும்மா சொன்ன பொய்."

"அது பொய்யெண்டா இப்ப சொல்லுறது மட்டும் உண்மையா? வாய் துறக்காத மனிசன் துறந்து சொன்னீங்க. அதுதான் உண்மை."

பேசாமலே சேர்த்த நம்பிக்கை முழுவதும் ஒரு பொய்க்குச் செலவாகியிருந்தது. அவன் உறைகளோடு நின்றான். கம்சாயினி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, எனக்கு முதல் இன்னொரு ஆள் போட்டா எல்லாம் அவருக்கு இறங்கிரும்தானே?"

அன்னப்பூரணியின் முகம் தெளிந்தது. "படுங்க மருமகன்."

படுத்தான். களுதாவளைப் பிள்ளையார் கோயில் திருநீற்றை அவள் உறைகளின் மேல் பூசினாள். காற்று நிரம்பி அவன் கெண்டைக்கால்களை இறுக்கி விட்டது. பத்தினிப்பிள்ளையின் வாதமும் புஸ்பத்தின் உளைவும் ஒழுங்காக இறங்கட்டும் என்று இரு பெண்களும் பேசாமல் நின்றார்கள். அந்த வீட்டில் அவன் ஏங்கியிருந்த அமைதி அதுதான். அது சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டு கிடந்தான்.

அதன் பிறகு உறைகள் கம்சாயினியின் கால்களை விட்டு இறங்கவில்லை. ஆட்கள் வந்தார்கள், யாரும் மெஷினை ஆசையோடு பார்க்கவில்லை. எட்ட நின்று, "கால் எப்பிடி மனே?" என்று அவனைத்தான் கேட்டார்கள்.

நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டான். அன்னப்பூரணி கலங்கிப்போனாள். அவனுக்கு இறங்கவில்லையென்றால் அது எங்கே நிற்கிறது? அவள் கை மகளின் உறையைக் கழற்றப் போயிற்று.

அன்றிலிருந்து சுபாகரன் ஒரு காலை நொண்டினான். பிள்ளை பிறக்கும்வரைதானே என்று நினைத்துக்கொண்டான். மாமியார் அதைப் பார்த்து நிம்மதியாக மகளின் உறையை இறுக்கிவிடுவாள். சில நாட்களில் அந்தக் காலில் உண்மையாகவே ஏதோ உளைவதுபோல இருந்தது. தானே உண்டாக்கிய பொய் என்று தெரிந்திருந்தும் அவனால் அதைத் தேய்க்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு மாலை நூலகத்திலிருந்து வந்தவன் மாமியாருக்கு முன்னால் மெல்ல நொண்டி அறைக்குள் போனான். மெஷின் கம்சாயினியின் கால்களை அழுத்தி விட்டுக்கொண்டிருந்தது. அவள் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"கால் மாறிப்போச்சு. நேத்து நொண்டினது மற்றக் கால்."